எச்சரிக்கையின் வாயை யார் மூடுவது?

எங்கள் கையிலுள்ள அன்ட்ரொய்ட் ஃபோனுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான். அதன் ஒரு பகுதி மெமரி கேட்டுக் கிடைக்காமல் போனால், யார் கேட்டது, எவ்வளவு கேட்டது, என்ன மிச்சம் இருந்தது எண்டு பதிவில் நீளமாக ஒரு முறைப்பாடு விழும். அதை நிறுத்த 'நோவோர்ன்' என்றொரு ஃப்ளாக் உண்டு. தோல்வி அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் போய்விடும்.

அந்த ஃப்ளாக்கே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 'கேவிமலொக்' முதலில் தொடர்ச்சியான துண்டொன்றைக் கேட்டுப் பார்க்கும். இல்லையெண்டால் சிதறிக் கிடக்கும் பக்கங்களைப் பொருத்திக்கொள்ளும். அங்கே முதல் தோல்விக்குக் கத்துவது வீண்தான். பிழை அறிக்கை வந்தவுடன் அதை மூடுவதற்காகவே ஃப்ளாக்கைப் போடுகிற பழக்கம்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

2021 ஜூலையில் 'செக்கோயா' ஓட்டை வெளியானது. மொத்த நீளம் 1 ஜிபியைத் தாண்டும் கோப்புறைப் பாதையைக் கட்டிய சாதாரண பயனர் ரூட் ஆகலாம். காரணம், 64 பிட் அளவொன்றை 32 பிட் எண்ணுக்குள் திணித்திருந்தார்கள். இப்படியான ஆபத்தை மனதில் வைத்து லினஸ் டோர்வால்ட்ஸ், கேவிமலொக்கிடம் 2 ஜிபிக்கு மேல் கேட்டால் மறுத்து எச்சரிக்கும்படி மாற்றினார். கண்டபடி உள்ளீடு கொடுத்துப் பிழை தேடும் சிஸ்கோலர், பிறகு நெற்வேர்க் பகுதியொன்றில் அந்த எச்சரிக்கையைக் கிளப்பியது. அங்கே அவ்வளவு பெரிதாகக் கேட்பதற்கு நியாயம் இருக்கலாம் என்று பேசி, 2022இல் நோவோர்ன் போட்டால் சத்தம் வராதபடி செய்தார்கள். மறுப்பு மட்டும் அப்படியே நின்றது. சத்தத்தை அடக்கினாலும் காவலை எடுக்கவில்லை. இது எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

அவசரப்படுவோரின் பக்கமும் நியாயம் உண்டு. 'பானிக் ஒன் வோர்ன்' போட்ட மெஷினில் இப்படியான ஒரு எச்சரிக்கை வந்தாலே எல்லாம் நின்றுவிடும். பயனர் கொடுக்கும் ஒரு எண் அதைச் செய்யலாமெண்டால் அது தாக்குதலுக்கான வழிதான். அப்படியெண்டால் அந்த எண்ணை வாசலிலேயே சோதியுங்கோவன்! உள்ளே விட்டுப்போட்டு ஏன் வாயைப் பொத்த வேணும்?

இன்னொரு சிக்கலும் இருக்கு. 8 பக்கம் வரையான, அதாவது பொதுவாக 32 கேபிக்குள்ளான சாதாரணக் கோரிக்கைகளைக் கேர்னல் லேசில் கைவிடாது, திரும்பத் திரும்ப முயலும். அதனால் "கிடைக்காவிட்டால்" என்று எழுதிய வரிகள் பல இடங்களில் ஓடியே இருக்காது. வேண்டுமென்றே தோல்வியை உண்டாக்கிப் பார்க்க 'ஃபெயில்ஸ்லாப்' கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நோவோர்ன் சேர்க்கும் ஒவ்வொரு பட்ச்சோடும் அதை ஓட்டிப் பார்த்த முடிவையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.