லயத்துத் தொலைக்காட்சிக்கு வராத ஆவணம்

இடுக்கி, பாலக்காடு எல்லைத் தமிழரைப் பற்றிய ஆய்வுகளில் ‘ஆவணப்படுத்தல்’ என்னும் சொல் மிக மலிவாகப் புழங்குகிறது. ஆய்வாளர் மூணாற்றுக்குச் செல்கிறார். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் தாலாட்டையும் ஒப்பாரியையும், 2015 செப்டம்பரில் நடந்த பெம்பிளை ஒருமைப் போராட்டத்தின் நினைவுகளையும் ஒளிப்பதிவு செய்கிறார். கோப்புகள் கிளவுட் கணக்கில் ஏறுகின்றன, அவருக்குப் பட்டம் கிடைக்கிறது. பாடியவரின் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு ஒருநாளும் ஒலிப்பதில்லை. கடவுச்சொல் ஆய்வாளரிடம் இருக்கிறது. பாட்டு யாருடையது என்னும் கேள்வி ஆய்வேட்டின் நன்றியுரையோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. ஒதுக்கி வைத்த பழைய மேசைக் கணினி ஒன்றும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் இருந்தால் வீட்டுச் சேமிப்பகம் அமைந்துவிடும். தொலைக்காட்சியோடு இணைத்த சிறு கணினியொன்று அதிலுள்ள கோப்புகளைப் படித்துத் திரையில் காட்டும். 1992 முதல் வளர்ந்துவரும் சம்பா என்னும் கட்டற்ற மென்பொருள் கோப்புகளைப் பகிர்கிறது. கோடி என்னும் மற்றொன்று அவற்றை இயக்குகிறது. இரண்டு கணினிகளும் ஒரே ரௌட்டரில் இணைந்திருந்தால் போதும், இணையமே வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தாலும், மின்சாரமோ இன்வெர்ட்டரோ இருக்கும்வரை பாட்டியின் குரல் கூடத்தில் கேட்கும்.

இதைக் கணினிப் பித்தர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பேராசிரியர்கள், தாம் நம்பும் கிளவுட்டின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். கூகுள் ஃபோட்டோஸ் வரம்பற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1இல் நிறுத்தியது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் தொடங்கியது. மகன் வேலை தேடித் திருப்பூருக்குப் போகிறான். ரீசார்ஜ் செய்யாத பழைய எண் வேறொருவருக்குப் போகிறது. அந்த எண்ணை நம்பித் திறந்த கணக்கு மீளாது.

இணைப்பதில் இடர்களே இல்லை என்பது பொய். பழைய டிவி பெட்டிகள் சேமிப்பகத்தோடு முதற்பதிப்பு எஸ்.எம்.பி. நெறிமுறையில் பேச முயலும். புதிய சேமிப்பகம் மறுத்துவிடும். அந்தப் பழைய கதவைத் திறந்துவிடுமாறு அறிவுரை கூறுவோர் உளர். 2017 மே மாதம் வான்னாக்ரை புழு உலகெங்கும் பரவியது அக்கதவின் வழியாகத்தான். மாற்ற வேண்டியது பெட்டியை.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ‘கொழிஞ்சாம்பாறை’ என்று பெயரிட்ட கோப்புறையில் ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸ் சேமிப்பகத்துக்கோ இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பிரித்தே எழுதும். அங்கிருந்து வந்த கோப்பைத் தேடினால் ‘இல்லை’ என்ற விடை வரும். கோப்பு அங்கேயே கிடக்கும். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தைக் கற்பிக்கும் துறைகள் இதற்கு ஒரு வகுப்பேனும் ஒதுக்கியிருக்கலாம்.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டனர். தொலைத்தொடர்பு அற்றுப்போனதால் செய்தி மறுநாள் காலைதான் வெளியே வந்தது. லயங்கள் புதைந்த இடத்தில் சேமிப்பகம் மட்டும் எப்படித் தப்பும்? தப்பாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகளில் எழுதிவைப்பது டிஸ்க் பழுதுக்கு மட்டுமே காப்பு. மூணாற்று வீட்டின் இன்னொரு படி கொழிஞ்சாம்பாறையிலோ மலைக்கு அப்பால் போடியிலோ உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். மணப்பெண்ணும் சீர்வரிசையும் போகும் வழியில் ஒரு ஹார்டு டிஸ்க் போகாதா?

போராட்டச் சாட்சியத்தைக் கூடத்தில் ஓடவிட்டால் அண்டை வீட்டார் காதிலும் விழும் என்ற அச்சம் நியாயமானது. சம்பாவில் கோப்புறைக்குக் கோப்புறை அனுமதி வகுக்கலாம். எது திரைக்கு வரலாம் என்பதைப் பேசியவர் முடிவு செய்யட்டும். இன்று அதையும் ஆய்வாளரே முடிவு செய்கிறார்.

ஆனால் ‘வீட்டுச் சேமிப்பகம்’ என்னும் தொடர் ஒரு வீட்டை முன்னிலைப்படுத்துகிறது. லயம் நிறுவனத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் வேலை பார்ப்பவர் எவரும் இல்லையென்றால் அறையைக் காலிசெய்ய வேண்டும். 1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்கு என்பது முடிவாயிற்று. அங்கே உழைப்பவருக்குச் சொந்தச் சுவர் எது என்பது இன்றும் முடிவாகவில்லை. சேமிப்பகப் பெட்டியை அந்த ஊர்ப் படிப்பகத்தில் வைத்து, அங்குள்ள தொலைக்காட்சியோடு இணைப்பதே இப்போதைக்குச் சாத்தியமான வழி. ஆய்வு நல்கைக்கான திட்டச்செலவில் விமானப் பயணத்துக்கு ஒரு வரி இருக்கிறது, கருத்தரங்கப் பதிவுக் கட்டணத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. இரண்டு ஹார்டு டிஸ்க்குகளுக்கும் ஒரு யூ.பி.எஸ்.ஸுக்கும் அங்கே ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்.