சாயமின்றிப் பிறக்கும் நிறம்

மயிற்பீலியை நீரில் நனைத்தால் அதன் பசுமையும் நீலமும் மறைந்துவிடுகின்றன. உலர்ந்தபின் மீண்டும் தோன்றுகின்றன. 1665ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே ஆங்கிலேய விஞ்ஞானி றொபேட் ஹூக் இதனைக் குறித்து வைத்தார். சாயமாயின் நீர் பட்டவுடன் மறைந்து, காய்ந்தவுடன் திரும்பி வருமா? வாராதன்றோ! பீலியின் நிறத்தைத் தருவது அதன் நுண்ணிய அமைப்பே என்று அவர் கொண்டார்.

ஓப்பல் என்னும் இரத்தினக்கல்லின் கதையும் இத்தகையதே. 1964இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அதனை நோக்கியபோது, ஒரே பருமனுள்ள சிலிக்காக் கோளங்கள், கடையில் அடுக்கிய தோடம்பழங்களைப் போல, வரிசை வரிசையாய் அமைந்திருக்கக் கண்டனர். ஒவ்வோர் அடுக்கும் ஒளியிற் சிறிதைத் திருப்பி அனுப்புகின்றது. அடுக்குகளின் இடைவெளிக்குப் பொருந்திய அலைநீளத்தையுடைய ஒளியலைகள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு நம் கண்ணை அடைகின்றன.

இவ்வடுக்கை ஆய்கூடத்தில் ஆக்க விரும்பியோர் முதலிற் கோளங்களை நீரிலிட்டு மெல்லப் படியவிட்டனர். நாட்கணக்காய்க் காத்திருந்து பெற்றதோ, உலரும்போதே வெடிப்புக் காணும் நொறுங்கற் பண்டம்!

ஜேர்மனியின் டார்ம்ஸ்ராட் நகரத்துப் பிளாத்திக்கு ஆராய்ச்சியாளரும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜெரமி பவும்பேர்க் குழுவினரும் வேறு வழியிற் சென்றனர். அவர்கள் எடுத்துக்கொண்ட துணிக்கை மூன்று படைகளை உடையது. நடுவே பொலிஸ்ரைரீனாலான வன்மையான கரு. அதன்மேல் இணைப்புப் படையொன்று. வெளியே இறப்பர் போன்று இளகும் மென்மையான உறை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். துணிக்கையின் விட்டம் 200 நனோமீற்றரை ஒட்டியிருப்பின் நீலமும், 250ஐ ஒட்டியிருப்பின் சிவப்பும் தோன்றும். ஆகவே துணிக்கைகள் யாவும் ஒரே பருமனாய் இருத்தல் வேண்டும். சிறிது பெரிதாய்க் கலந்துவிட்டால் வரிசை குலையும்.

நீரை நீக்கியபின் எஞ்சுவது பிசின் போன்ற பாற்களிம்பு. அதில் நிறம் இல்லை. இதனை இரு பிளாத்திக்குத் தாள்களுக்கிடையே வைத்து, உருளைகளின் மீது வளைத்து, முன்னும் பின்னுமாகப் பன்முறை இழுக்கின்றனர். இம்முறையைக் கேம்பிரிட்ஜ் குழுவினர் 2016இல் விளக்கி வெளியிட்டனர். ஒவ்வோர் இழுப்பிலும் மென்னுறைகள் ஒன்றின்மேலொன்று வழுக, கருக்கள் படிப்படியாய் ஒழுங்கில் அமைகின்றன. நிறமும் படிப்படியாய்ப் பொலிகின்றது. ஒன்றைக் கசக்கினால் ஒழுங்கு கெடும் என்பதே நம் அனுபவம். இங்கோ கசக்குதலே ஒழுங்கைத் தருகின்றது! என் மதிப்பில், நிறத்தினும் வியக்கத்தக்கது இதுவே. இவ்வழியில் மீற்றர்க் கணக்கான நீளத்துக்குப் படலம் செய்யலாம்.

இன்னுமொரு விசித்திரம் உண்டு. நிறம் பொலிவதற்கு அவர்கள் கலந்தது கரித்தூள்! கருவுக்கும் உறைக்கும் இடையே ஒளியை முறிக்குந் திறனில் வேறுபாடு சொற்பம். கருவின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.59, உறையினது 1.47. ஆதலின் ஒளி பல அடுக்குகளைக் கடந்து உள்ளே செல்லும். வழியில் வரிசைக் குறைகள் பட்டுச் சிதறிய ஒளி நிறத்தை வெளிறச் செய்யும். அதனைக் கரி விழுங்கிவிடுகின்றது. நிறையில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த கரியே போதும்.

படலத்தை இழுத்தால் அது மெலியும், அடுக்குகள் நெருங்கும், சிவப்புப் பச்சையை நோக்கி நகரும். விட்டவுடன் பழைய நிறம் திரும்பும். எனவே, ஒரு பட்டி எவ்வளவு இறுகியுள்ளது என்பதை நிறத்தாலேயே காட்டலாம். நாணயத்தாளிற் போலிகளைத் தடுக்கவும் பயன்படுத்தலாம் என்ற யோசனைகள் உள்ளன.

சாயங்களுக்கு இனி வேலையில்லை என்று சிலர் கூறுவது மிகை. இங்கே வெளிறுவதற்குச் சாயம் இல்லை என்பது மெய். ஆயினும் பிளாத்திக்கும் வெயிலில் முதுமையடையும் பொருளே. அன்றியும், பார்க்கும் கோணம் மாறினால் இப்படலத்தின் நிறமும் மாறும். எப்பக்கம் நின்று பார்ப்பினும் ஒரே நிறம் காட்ட வேண்டிய சேலைக்கு அது குறை. போலியைக் காட்டிக்கொடுக்க வேண்டிய நாணயத்தாளுக்கோ அதுவே வேண்டற்பாலது.