பைக் இண்டிகேட்டரைக் கழற்றினால் என்ன ஆகும்? லுக்கா, சேஃப்டியா?

புது பைக் வாங்கிய கையோடு சிலர் செய்யும் முதல் வேலை, பின்பக்க இண்டிகேட்டரைக் கழற்றுவது. வண்டி ‘ஸ்லிம்’மா தெரியும் என்பதுதான் காரணம். சரி, லுக் கிடைக்கிறது. இழப்பது என்ன?

கை காட்டினால் போதாதா?

பகலில் ஓரளவு போதும். இரவிலும் மழையிலும் பின்னால் வரும் லாரி டிரைவருக்குக் கை தெரியாது. இடதுபக்கம் ஓட்டும் நம்ம ஊரில் ரிஸ்க் அதிகம் வலதுபக்கம் திரும்பும்போதுதான். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்கணும். அதற்கு நீட்ட வேண்டியது வலது கை. ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருப்பது அதே கையில்!

சின்ன எல்.இ.டி. மாட்டினால்?

அது குறைவான கரண்ட் இழுப்பதால், பழைய ரிலேயில் ரொம்ப வேகமாக மின்னும். உச்சி வெயிலில் சின்ன விளக்கு சட்டென்று கண்ணில் படாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 182ஏ(4) பிரிவின்படி, விதிமுறையை மீறி வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

வண்டி நிற்கும்போதுதான் லுக்கை ரசிப்பார்கள். ரோட்டில் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டியது, அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதுதான்.