உதைத்தால் மட்டும் போதுமா?

காலை வேளையில் நகரத்துத் தெருக்களில் இந்தக் காட்சியை நேயர்கள் கண்டிருப்பார்கள். ஆபீஸுக்குப் புறப்பட்ட கனவான் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளை உதைத்துக் கொண்டிருப்பார். பத்தாவது உதையில் சட்டை நனையும். இருபதாவது உதையில் வாய் முணுமுணுக்கும். அண்டை வீட்டார் வாசலுக்கு வந்து ஆளுக்கொரு யோசனை வழங்குவார்கள். வண்டியோ மௌன விரதம் பூண்ட சந்நியாசியைப் போல் நிற்கும்.

அது பழைய புல்லட்டாயிருந்தால் நமக்கு அதன்மேல் தனி அபிமானம் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் பிறந்த அந்த வண்டியை நம் நாட்டிலேயே செய்வதற்கென்று 1955-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கு செய்யலானார்கள். சீமையில் மூலக் கம்பெனி மூடிய பின்னரும் இங்கே புல்லட் ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும், நம் ஊரில் செய்ததனால் மட்டும் ஒரு யந்திரம் நம்முடையதாகி விடுமா? அதற்கு நோய் வந்தால் இன்ன நோய் என்று நமக்குத் தெரிய வேண்டாமா? சோதித்துப் பாராமலே கார்புரேட்டரை மாற்று, காயிலை மாற்று என்பவரிடம் பணத்தைக் கொட்டுவது சுதேசியத்தில் சேராது என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

எஞ்சின் உயிர்பெறக் காற்றோடு கலந்த பெட்ரோல் வேண்டும். அந்தக் கலவையை இறுக்கும் அழுத்தம் வேண்டும். தக்க தருணத்தில் ஒரு தீப்பொறி வேண்டும். இவற்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே வைத்தியம்.

டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அநேக வண்டிகளின் நோய் இதுவே. டாங்கு மூடியிலுள்ள சிறு துவாரம் அடைத்துக்கொண்டாலும் காற்றுப் புகாமல் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தவுடன் வண்டி கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டான்.

அடுத்தபடி பிளக்கைக் கழற்ற வேண்டும். இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. பல உதைகளுக்குப் பிறகும் பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். குழாயிலும் கார்புரேட்டரிலும் அடைப்பைத் தேடலாம். நனைந்திருந்தால் பெட்ரோலின் மேல் பழியில்லை. பொறி இல்லாதிருக்கலாம், அல்லது சோக்கைப் போட்டு ஓயாமல் உதைத்ததில் பெட்ரோல் மிதமிஞ்சிப் புகுந்திருக்கலாம். சாவியை மூடி, பிளக் இல்லாமலே சில தடவை உதைத்தால் மிகுதி வெளியேறும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலையும்வரை காத்திருங்கள். பிறகு பிளக்கைத் துடைத்து, அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உடல் எஞ்சினின் இரும்பைத் தொடும்படி, துவாரத்துக்கு எட்டத்தில் வைத்து உதைத்துப் பாருங்கள். கையால் பிடிப்பவருக்கு நல்ல அதிர்ச்சி கிடைக்கும். நீலப் பொறி 'சடக்'கென்று விழுந்தால் க்ஷேமம். பொறியே இல்லையென்றால் வேறொரு பிளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பாயிண்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும். அவற்றில் அழுக்கோ கருகலோ இருந்தாலும், இடைவெளி மாறியிருந்தாலும் பொறி பிறவாது.

உதைக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாவிட்டால் அழுத்தம் போய்விட்டது. டீகம்ப்ரஸர் கம்பி இறுகி அதன் வால்வு மூடாமல் நின்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெரிய செலவுக்குப் பயப்படலாம்.

2020-க்குப் பின் வந்த புதிய வண்டிகள் பலவற்றில் உதைக்கே வேலையில்லை. பாட்டரியையும், கைப்பிடியிலுள்ள சிவப்பு ஸ்விட்சையும், சாவி திருப்பியதும் பெட்ரோல் பம்பு முனகுகிறதா என்பதையும் கவனிப்பதோடு நம் அதிகாரம் ஏறக்குறைய முடிகிறது.

பழைய புல்லட்டை உதைப்பதற்கு ஒரு முறை உண்டு. முறை தவறினால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். விளக்கின் மேலுள்ள அம்மீட்டர் முள் அசையும். அசையவே இல்லையெனில் பாட்டரியையும் பாயிண்டையும் சந்தேகிக்கலாம். கால் தடைப்படும் இடத்தில் டீகம்ப்ரஸரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் சற்றே அழுத்துங்கள். பிறகு அதை விட்டுவிட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரச்செய்து, தயங்காமல் அடிவரை ஒரே உதை. எஞ்சின் பேசத் தொடங்கிச் சிறிது சூடேறியதும் சோக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளக் மறுபடியும் நனையும்.