அடிபட்டவள் எங்கே போவாள்?

திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸை அறியாதார் சென்னையில் இரார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பத்திரப்படுத்த 1842-ல் கட்டப்பட்ட அக்கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. இடையில் அதில் இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள் என்பதைச் சிலரே அறிவார்கள். தாமே குழந்தை விதவையாகி, 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1912-ல் துவக்கிய காரியம் அது. அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கென்றே இருந்தது என்பது நாம் மறைக்கக் கூடாத குறையேயாகும். ஆயினும் அம்மையார் சோறும் பாயும் கொடுத்ததோடு நிற்கவில்லை; அப்பெண்களை உபாத்தியாயினிகளாக்கி, பிறர் கையை எதிர்பாராமல் பிழைக்கும்படி செய்தார். நாம் கவனிக்க வேண்டியது இதுவே.

இன்று புருஷனிடம் அடிபட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுராத்திரியில் வெளியேறும் பெண்ணை நாம் என்ன செய்கிறோம்? தாய் வீட்டார் “அனுசரித்துப் போ” என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி அடித்தவனிடமே அனுப்பி விடுகிறார்கள். திரும்பிப் போக மறுத்தால் “வாழாவெட்டி” என்று பெயர். அடித்தவனுக்கு என்ன பெயர் என்று கேட்கிறோம். ஒரு பெயருமில்லை! தெருவில் அந்நியனை அடித்தால் குற்றம், வீட்டில் பெண்ஜாதியை அடித்தால் குடும்ப விஷயமா? “கல்லானாலும் கணவன்” என்கிறார்களே, கல் தலையில் விழுந்தால் மண்டை உடையாதா?

சட்டம் இந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 2005-ம் வருஷத்திய குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமுலில் இருக்கிறது. வீடு புருஷன் பெயரிலிருந்தாலும் அதில் குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு. அடித்தவனையே வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வீடு மாமனார் பெயரில் இருப்பதாலேயே இவ்வுரிமை போய்விடாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. இடம் கேட்டு வருகிறவளுக்குக் காப்பகம் இடம் கொடுத்தாக வேண்டும். 181 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்லுவார்கள்.

ஆனால் காப்பகம் சில நாளைய நிழலே. பிறகு அவள் எங்கே போவாள்? கையில் காசும் பெயரில் சொத்தும் இல்லாதவள் மறுபடியும் அடித்தவன் வாசலுக்கே போவாள். இதை அறிந்துதான் 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் கேட்டது. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டமாயிற்று. அதற்குப் பிறகும், “அண்ணனுக்கே இருக்கட்டும்” என்று தங்கையிடம் கையெழுத்து வாங்குகிறவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்?

தோழர்களே! மேடையில் பெண் விடுதலை பேசுவது சுலபம். நடுராத்திரியில் கதவு தட்டப்படும்போது திறப்பதுதான் பரீட்சை. திறவுங்கள். “நீ என்ன செய்தாய்?” என்று அவளைக் கேளாதீர்கள். அவள் விரும்பினால் துணைக்குப் போலீசுக்குப் போங்கள். பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பாருங்கள். ஒரு தொழிலுக்கு வழி செய்யுங்கள். உங்கள் மகளுக்குரிய பங்கை இன்றே அவள் பெயரில் எழுதுங்கள். போக்கிடம் உள்ளவள் அடியைப் பொறுத்துக் கிடக்க மாட்டாள்.