குறுக்கெழுத்துக் குறிப்பும் சொற்பொருள் மரபும்: ‘திருப்பதி’, ‘சித்தூர்’

குறுக்கெழுத்துப் புதிர் பொழுதுபோக்கிற்குரியது. அதன் குறிப்புகளில் சொற்பொருள் நுட்பம் தேடுதல் வேண்டா என்பாரும், அகராதியில் ஒரு பொருள் காணப்படின் அதுவே போதிய சான்று என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தா. கட்டம் ஏற்கும் விடை ஒன்றே. ஆதலின் பிழைபட்ட குறிப்பும் ஐயமின்றி உண்மையெனக் கொள்ளப்படுகிறது. தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் ஊர்ப்பெயர்களைக் கொண்டு இதனை ஆராய்தல் தகும்.

‘திருமகள் கணவன்’ என்னும் குறிப்பிற்குத் ‘திருப்பதி’ விடையாகுமா? பதி என்பதற்குத் தலைவன், கணவன் என்னும் பொருள்கள் உள எனக் காட்டி, ஆகும் என்பர். அப்பொருள்கள் வடசொல்லாகிய பதிக்கு உரியன. சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் இறைவனைக் குறிப்பதும் அதுவே. ஊர், உறைவிடம் எனப் பொருள்படும் பதி வேறு. வைணவர் நூற்றெட்டுத் திருப்பதி என எண்ணுவன தலங்களே. தாமிரபரணிக் கரையை ஒட்டிய நவதிருப்பதியும் ஒன்பது தலங்களின் தொகுதியே. அய்யாவழியினர் சாமித்தோப்பு முதலிய வழிபாட்டிடங்களைப் பதி என்றே வழங்குவர். இப்பொதுப்பெயரே வேங்கடமலை அடிவாரத்து ஊருக்குச் சிறப்புப்பெயராய் நின்றது.

பகர ஒற்று மிகுதலைத் தமிழ்ச்சொல் என்பதற்குச் சான்றாகக் காட்டுவதும் வலிமையற்றது. ‘திருப்பாதம்’ என வடசொல் வரினும் ஒற்று மிகும். வழக்கே இங்குச் சான்று.

‘சிறிய ஊர்’ என்பது நான்கு கட்டத்திற்குரிய குறிப்பாயின் இடர் வேறு. சிற்றூர், சித்தூர் இரண்டும் நான்கெழுத்துச் சொற்கள். முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் ஒன்றே. காற்று ‘காத்து’ எனப் பேச்சில் ஒலிப்பது போலச் சிற்றூர் சித்தூராயிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். எனினும் முன்னது பொதுப்பெயர். பின்னது இன்று இடுகுறிபோல் நிற்கும் ஊர்ப்பெயர். சொற்பிறப்பு வேறு, சொற்பொருள் வேறு. பிறப்பைப் பொருளாகத் தருதல் குறிப்பாகாது.

தெலுங்கு வழக்கில் பதி என்றவுடன் தலைவன் என்னும் பொருள் தோன்றுதல் இயல்பு, அது குற்றமன்று. அதனையே தமிழ்ப்புதிரில் ஆராயாது ஏற்றுக்கொள்வதே குற்றம். 2022 ஏப்ரல் 4 இல் திருப்பதி தனி மாவட்டத்தின் பெயருமாயிற்று. புதிர்களில் அப்பெயர் இடம்பெறும் வாய்ப்பு மிகுமேயன்றிக் குறையாது. பள்ளிக்கு வெளியே இதழ்வழித் தமிழ் பயிலும் எல்லைப்புறத்தார்க்குப் புதிரும் ஒரு பாடநூலே. தம் ஊர்ப்பெயரின் பொருளை அவர்கள் பிழைபட அறிவது சிறுதவறன்று.

‘ஊர்’, ‘சித்தாந்த முப்பொருளுள் ஒன்று’, ‘கணவன் (வடசொல்)’ எனத் துறையும் வழக்கும் சுட்டிக் குறிப்பமைத்தால் புதிரின் சுவை குன்றாது. பதியின் மூன்று பொருளும் நிலைபெறும். அகராதி சொல்லின் பொருள்களைத் தொகுத்துத் தருவது. இடமறிந்து அவற்றுள் ஒன்றைத் தேர்தல் குறிப்பமைப்போரின் கடன்.