அபராதம் கட்டினால் தீர்ந்ததா?

2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டம், மௌர் மண்டியில் ஒரு கல்யாண விழா. மேடையில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற கூட்டத்திலிருந்து ஒருவன் சுட்டான். பிழைப்புக்காக ஆட வந்த ஓர் இளம்பெண் குண்டடிபட்டு மேடையிலேயே சரிந்து இறந்தாள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது, பதறியது, மறந்தும் போனது. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் ஹரியானாவிலும் மாப்பிள்ளை ஊர்வலத்தில் துப்பாக்கி வெடிப்பது இன்னும் நின்றபாடில்லை.

மூன்றாண்டு கழித்து, 2019 டிசம்பரில், நாடாளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. கொண்டாட்டத்தில் சுடுவதைத் தனிக் குற்றமாக்கி 25(9) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. அதற்குத் தண்டனை என்ன? இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. ஜாமீனும் உரிமையாகவே கிடைத்துவிடும். பந்தலுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் லட்சங்களை இறைக்கும் வீட்டாருக்கு இந்த அபராதம் கல்யாணச் செலவில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

அதே திருத்தம் உரிமமில்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கான தண்டனையை எப்படி உயர்த்தியது என்று பாருங்கள். முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருந்தது. இப்போது இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை. நீதிபதி தண்டனையைக் குறைக்க நினைத்தால் சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதியாக வேண்டும். அந்தக் கடுமையை நாம் குறை சொல்லவில்லை, வரவேற்கிறோம். ஆனால் துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் ஒளித்துவைத்தவன் சிறைக்குப் போக, பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து நிற்கும் முற்றத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டவன் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது எந்த ஊர் நியாயம்? உரிமம் என்பது அரசு ஒருவன்மேல் வைத்த நம்பிக்கை. அதை மீறியவனுக்குச் சலுகையா?

உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லாமல் விடவில்லை. உத்தரகண்டில் 2007இல் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தந்தையே சுட்டதில் இருவர் உயிரிழந்தார்கள். 2020இல் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தபோது, தற்காப்புக்கும் பயிர், கால்நடைப் பாதுகாப்புக்கும் தரப்பட்ட துப்பாக்கியைக் கொண்டாட்டத்தில் சுட யாருக்கும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அந்தப் பத்தாண்டு கிடைத்தது இரண்டு உயிர்கள் போன பிறகு. யாரும் சாகாத கல்யாணங்களில் சுட்டவர்கள் மறுநாள் மறுவீட்டு விருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களோ சொந்தக்காரர்கள். மாமனையும் மச்சானையும் யார் காட்டிக்கொடுப்பார்கள்?

மத்திய அரசையும் மாநிலக் காவல் துறைகளையும் வன்மையாகக் கண்டிக்கிறோம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி வாங்கிவைக்கிற நிர்வாகத்துக்கு, முகூர்த்த நாள்களில் மட்டும் கை எழாதது ஏன்? சுட்ட காட்சியைச் சுட்டவர்களே பெருமையாகச் சமூக வலைதளத்தில் போடுகிறார்களே, அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

25(9)இல் உள்ள ‘அல்லது அபராதம்’ நீக்கப்பட வேண்டும். குறைந்தபட்சச் சிறைத் தண்டனை எழுதப்பட வேண்டும்; குற்றம் ஜாமீனில் வெளிவர முடியாததாக மாற வேண்டும். தண்டனை பெற்றவரின் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்கிறது 17ஆம் பிரிவு. அந்தச் ‘செய்யலாம்’, ‘செய்தே ஆக வேண்டும்’ என்று மாற வேண்டும். துப்பாக்கியோடு வருபவரை உள்ளே விட்ட மண்டப உரிமையாளரும் வழக்கில் சேர்க்கப்பட வேண்டும். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவை உள்துறை அமைச்சகம் கொண்டுவர வேண்டும்.